கருத்தடை மாத்திரையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: மெடிக்கலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர் பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். கருத்தடை மாத்திரை வாங்க வரும் பெண்கள் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். சந்தேகம் கேட்பதும் அப்போதுதான். "இதப் போட்டா ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுதாமே" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. செல்போனில் வந்த ஏதோ ஒரு செய்தியைக் காட்டுவார்கள்; அதில் உண்மையும் இருக்கும், தேவையில்லாத பயமும் இருக்கும். பயந்துபோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்க வந்தவர்கள் உண்டு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, மொதல்ல இந்த ஆக்சிஜனேற்ற அழுத்தம்னா என்னக்கா? டென்ஷன் மாதிரியா?

டென்ஷன் இல்லை. இது செல்களுக்குள் நடக்கும் வேதியியல். சாப்பிட்டதை எரித்து உடம்பு சக்தி எடுக்கும்போது, ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் உருவாகும். ஃப்ரீ ராடிக்கல் என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். பக்கத்தில் இருக்கிற கொழுப்பு, புரதம், மரபணு எதுவானாலும் அதைக் கெடுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க உடம்பே குளுட்டாதயோன், கேட்டலேஸ் போன்றவற்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவை சாப்பாட்டிலிருந்து வருகின்றன. கெடுப்பது கூடி, தடுப்பது குறைந்துபோகும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

வாழைப்பூவை ஆய்ந்து அப்படியே வைத்தால் கறுத்துவிடும். மோரில் போட்டு வைத்தால் கறுக்காது. உடம்புக்குள்ளும் கிட்டத்தட்ட இப்படி ஒரு இழுபறி எந்நேரமும் நடக்கிறது. இது ஒரு நோயின் பெயர் இல்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்களே இந்த முரட்டு மூலக்கூறுகளைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் இதை அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது.

கருத்தடை மாத்திரை போட்டா இது கூடும்ங்கிறது நெசந்தானா?

நிஜம்தான், ஆனால் முழுசாகக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜஸ்டின் என்ற இரண்டு வகை ஹார்மோனும் கலந்த மாத்திரை போடுகிற பெண்களின் ரத்தத்தையும், போடாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மாத்திரை போடுபவர்களிடம் லிப்பிட் பெராக்சைடு, அதாவது ஆக்சிஜனால் கெட்டுப்போன கொழுப்பின் அளவு, கூடுதலாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. ரத்தத்தில் தாமிரம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ, கோ-என்சைம் க்யூ10 போன்ற தடுப்புப் பொருள்கள் சிலவற்றில் குறைந்திருந்தன.

ஆனால் இவை பெரும்பாலும் சில பத்துப் பேரையோ சில நூறு பேரையோ வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்லவும் இல்லை. எண் கூடியது என்பது ஒரு விஷயம், அதனால் உடம்பு கெட்டது என்பது வேறு விஷயம். செல்போனில் வரும் செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

எந்த மாத்திரையச் சொல்றீங்க? சுகாதார நிலையத்துல குடுக்குறதுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாலா-டி இரண்டும் கலப்பு மாத்திரைகள்தான். ஒரு மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜஸ்டின் 0.15 மில்லிகிராம். பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு எழுதித்தரும் மாத்திரைகளில் பலவும் இதே குடும்பம். கூடச் சேரும் புரோஜஸ்டின் மட்டும் மாறும். மேலே சொன்ன ஆய்வுகள் இந்தக் குடும்பத்தைப் பற்றியவை.

சாயா மாத்திரை வேறு. அதில் இருப்பது சென்ட்குரோமேன். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. அது ஹார்மோனே இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசியில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, புரோஜஸ்டின் மட்டும். காப்பர்-டியில் எந்த ஹார்மோனும் இல்லை. இனி இந்தப் பக்கத்தில் வெறுமனே 'மாத்திரை' என்று சொல்வதெல்லாம் கலப்பு மாத்திரையைத்தான்.

ஈஸ்ட்ரோஜன் பொம்பளைக்கு நல்லதுன்னுதானே சொல்வாங்க? அது எப்படி இதைக் கூட்டும்?

நல்ல கேள்வி. நம் சினைப்பையில் சுரக்கும் எஸ்ட்ராடயால், ஆய்வுக்கூடச் சோதனைகளில் முரட்டு மூலக்கூறுகளை அடக்குகிற பொருளாகவே நடந்துகொள்கிறது. மாத்திரையில் இருப்பது அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்த எத்தினைல் எஸ்ட்ராடயால். வாய்வழி போட்டாலும் சீக்கிரம் சிதையாமல் இருக்கத்தான் அந்த மாற்றம். குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலால் அதை எளிதில் உடைக்க முடிவதில்லை. அதனால் கல்லீரல் சில புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்கிறது.

அப்படிக் கூடும் புரதங்களில் ஒன்று செருலோபிளாஸ்மின். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமப்பது இதுதான். இது கூடுவதால்தான் தாமிரமும் கூடித் தெரிகிறது. அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி., ரத்தம் உறைவதற்கான சில காரணிகள், ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஆஞ்சியோடென்சினோஜன் எல்லாமே கூடும். ட்ரைகிளிசரைடு கொழுப்பும் கொஞ்சம் ஏறும். ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகக்கூடிய கொழுப்பு அதிகம் இருந்தால் கெட்டுப்போன கொழுப்பும் அதிகம் தெரியும். இது போக, ஈஸ்ட்ரோஜன் உடைந்து வரும் சில துணைப்பொருள்களே ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கக்கூடியவை.

மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டையாகவோ பிறப்புறுப்பில் வைக்கும் வளையமாகவோ வைத்துக்கொண்டால் கல்லீரல் தப்பிக்குமா என்று மருந்து படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள். எத்தினைல் எஸ்ட்ராடயால் எந்த வழியாகப் போனாலும் கல்லீரலைத் தொடாமல் விடாது.

அப்ப ரத்தம் கட்டுறது, ஸ்ட்ரோக் எல்லாம் இதனாலதான் வருதா?

மாத்திரை போடுபவர்களுக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டும் வாய்ப்பு கூடுகிறது. அது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதற்கு முதல் காரணம் முந்தைய பதிலில் சொன்ன உறைதல் காரணிகள். ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ரத்தக் குழாயின் உட்சுவரைப் பாதித்துக் கொஞ்சம் துணை போகலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. முதல் குற்றவாளி அது இல்லை.

எவ்வளவு கூடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் சொன்ன கணக்கு இது. மாத்திரையும் போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 2 பேருக்கு இப்படி ரத்தம் கட்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை போடுகிற 10,000 பேரில் 5 முதல் 7 பேருக்கு. ட்ரோஸ்பைரினோன் என்ற வேறு புரோஜஸ்டின் கலந்ததில் 9 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த ஆபத்து இதையெல்லாம் விட அதிகம். கர்ப்பத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடும். மாத்திரையைப் பயந்து நிறுத்தி, வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் சொல்வேன்.

ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வாய் குழறல் வந்தாலோ மெடிக்கலுக்கு வர வேண்டாம். 108க்குப் போன் பண்ணுங்கள். மாத்திரை போடுவதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசி ஏழு மாத்திரை வெறும் இரும்புச்சத்துதானே? இரும்பும் இதைக் கூட்டும்ங்கிறாங்க, தூக்கிப் போட்டுரலாமா?

தூக்கிப் போடாதீர்கள். அட்டையின் கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருக்கும் அந்த ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். கட்டுப்படாமல் திரியும் இரும்பு ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கும் என்பது வேதியியல்படி சரி. ஆனால் உடம்பு இரும்பை அப்படித் திரிய விடுவதில்லை, புரதத்தோடு கட்டியே வைத்திருக்கும். நம் பக்கத்துப் பெண்களில் பலருக்கும் ரத்தசோகை இருக்கிறது. அந்த ஏழு மாத்திரை அவர்களுக்குத் தேவையானது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏழு மாத்திரையையும் தூக்கிப் போட்டால் நாள் கணக்கு தவறும், அடுத்த அட்டையை எப்போது ஆரம்பிப்பது என்பதில் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தில்தான் பலருக்கும் கரு தங்கிவிடுகிறது.

எம் மருமக பிள்ளை வேணாம்னு போடல, பிசிஓடிக்குத்தான் போடுறா. அவளுக்கும் இந்தக் கதைதானா?

அத்தை, மருந்து ஒன்றேதான், அதனால் கல்லீரலில் நடப்பதும் ஒன்றேதான். ஆனால் பிசிஓடி இருக்கும் பெண்களுக்கு மாத்திரை போடாமலே ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் உடல் எடையும் அதற்குக் காரணங்கள். அவர்களுக்கு எடையைக் கொஞ்சம் குறைப்பதும் தினமும் நடப்பதும், மாத்திரையை மாற்றுவதைவிட அதிகம் உதவும். தனக்கு மாத்திரை எதற்காக எழுதினார்கள் என்பதை மருமகளே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நாம் நடுவில் புகுந்து நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தள்ளிப்போடுற மாத்திரையும் இதுல சேர்த்தியாக்கா?

கொடியேற்றம் முடிந்ததிலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரை எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது மாதவிலக்கைத் தள்ளிப்போடும் இந்த மாத்திரைதான். மீனாட்சி கல்யாணத்துக்குப் போகணும், எதிர்சேவைக்கு நிக்கணும், வீட்டுக்கு விருந்தாள் வருது என்று ஆளுக்கு ஒரு காரணம். சீட்டு இல்லாமல் கேட்பவர்கள்தான் அதிகம், "எல்லாரும் போடுறதுதானே" என்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதில் இருப்பது நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் மூன்று வேளை போடச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும். அட்டையில் ஈஸ்ட்ரோஜன் என்று எங்கேயும் போட்டிருக்காது. ஆனால் இந்த அளவில் போடும்போது நாரெத்திஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் போய் எத்தினைல் எஸ்ட்ராடயாலாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் போட்டால், ஏறக்குறைய 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயால் போட்டதற்குச் சமம். கருத்தடை மாத்திரையில் இருக்கும் அளவேதான் அது.

ஆரோக்கியமான பெண் வருடத்தில் ஒரு தடவை சில நாள் போடுவதால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முன்பு ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கண்ணுக்கு முன் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கருத்தடை மாத்திரை போடக்கூடாது, இதையும் தாங்களாகக் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தங்கைக்கு வாங்குவது கூடவே கூடாது. இப்படித் தள்ளிப்போடப் போடும் மாத்திரை கருத்தடையாகவும் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள்.

வைட்டமின் சி, ஈ மாத்திரை சேர்த்துப் போட்டா இது சரியாயிருமா?

சில சிறு ஆய்வுகளில், மாத்திரை போடும் பெண்களுக்குச் சில வாரம் வைட்டமின் சியும் ஈயும் கொடுத்தபோது கெட்டுப்போன கொழுப்பின் அளவு இறங்கியது. ஆனால் எண் இறங்கியதால் ரத்தம் கட்டுவது குறைந்தது என்றோ, வேறு நோய் தடுக்கப்பட்டது என்றோ யாரும் நிரூபிக்கவில்லை.

இஷ்டத்துக்கு அதிகமாகப் போடுவதில் ஆபத்தும் உண்டு. ஃபின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்தான். 1994ல் முடிவு வந்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. அதனால்தான் "ஆன்டிஆக்சிடன்ட்" என்று போட்ட விலை கூடின டப்பாவை என்னிடம் கேட்டால், அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

அப்ப என்னதான் சாப்பிடலாம்?

நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை. மூன்றும் நம் பக்கம் தாராளமாகக் கிடைப்பவை. ஆயக்குடிக் கொய்யா வரும் காலத்தில் தினம் ஒன்று சாப்பிட்டாலே வைட்டமின் சிக்கு வேறு எதுவும் தேவைப்படாது. சூடு பட்டால் வைட்டமின் சி குறையும், அதனால் நெல்லிக்காயைப் பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவது உத்தமம். நிலக்கடலையில் வைட்டமின் ஈ இருக்கிறது. மாத்திரை போடுபவர்களுக்கு வைட்டமின் பி6, பி12, ஃபோலேட் அளவுகள் கொஞ்சம் குறையலாம். கீரை, பயறு, முட்டை, மீன் இவற்றில் அவை கிடைக்கும். சுத்த சைவமாக இருப்பவர்கள் பால், தயிரை விட்டுவிடாதீர்கள்.

வெத்தலை பாக்கோட பொகையிலை போடுவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. புகையிலை எந்த வடிவில் உள்ளே போனாலும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். விறகடுப்புப் புகையும் கூட்டும். மல்லிகைத் தோட்டத்தில் மூக்கை மூடாமல் பூச்சிமருந்து அடிப்பதும் கூட்டும். காலையில் பூப்பறித்து, மத்தியானம் மருந்தடித்து, சாயங்காலம் விறகடுப்பில் சமைக்கிற ஒரு மதினிக்கு மாத்திரையை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது நியாயமே இல்லை.

பீடி, சிகரெட் பிடிக்கும் பெண் 35 வயதைத் தாண்டியிருந்தால் கலப்பு மாத்திரை போடக்கூடாது. இது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மென்று துப்பும் புகையிலைக்கு அப்படித் தனி விதி இல்லை என்றாலும், ரத்த அழுத்தம் பார்க்கும்போது அதையும் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேப்ல ஃபுல் செக்கப்ல இதுக்கும் டெஸ்ட் இருக்காமே. எடுத்துப் பாத்துரவா?

வேண்டாம். இந்த அளவுக்கு மேல் போனால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் ஒரு எண்ணைச் சொல்லவில்லை. ரிப்போர்ட் கையில் வந்தாலும் டாக்டரால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடு என்ற பொருளை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில், செருலோபிளாஸ்மின் கூடினாலே எண் ஏறித் தெரியும் என்ற விமர்சனம் உண்டு. மாத்திரை போடுபவர்களுக்கு அந்தப் புரதம் கூடத்தான் செய்யும் என்று முன்பே சொன்னேன். அப்படியென்றால் அந்த எண்ணில் எவ்வளவு உண்மையான அழுத்தம், எவ்வளவு புரதத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது.

எடுக்க வேண்டிய சோதனை ரத்த அழுத்தம். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பும், ஆரம்பித்த பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டால் டாக்டரிடம் வேறு முறை கேளுங்கள். வேறு எந்தச் சோதனைக்காவது ரத்தம் கொடுத்தாலும் மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். சி.ஆர்.பி. கூடியிருக்கும், தைராய்டில் மொத்த டி4 கூடித் தெரியும். விவரம் தெரியாமல் பார்ப்பவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து எழுதிவிடக்கூடும்.

எம் மக ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல ஓடுறா. போட்டி நேரத்துல விலக்கு வராம இருக்க மாத்திரை போடுறா. பரவாயில்லையா?

கடினமான பயிற்சி செய்யும்போதும் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் கூடும். அதைச் சமாளிக்கப் பழகித்தான் தசை பலப்படுகிறது. இத்தாலியில் விளையாட்டு வீராங்கனைகளிடம் செய்த ஆய்வுகளில், கலப்பு மாத்திரை போட்டவர்களுக்கு ஹைட்ரோபெராக்சைடும் சி.ஆர்.பி.யும் போடாதவர்களைவிட நன்றாகவே கூடியிருந்தன. அதனால் ஓட்டம் கெட்டது என்று அர்த்தமில்லை. அலுப்பு தீர வழக்கத்தைவிட அதிக நாள் ஆகிறதா என்று மட்டும் கவனியுங்கள். டாக்டர் பார்த்து எழுதிய மாத்திரையாக இருக்கட்டும், தூக்கமும் சாப்பாடும் குறையாமல் இருக்கட்டும்.

ரெண்டு வருசமாப் போடுறேன். நடுவுல கொஞ்ச நாள் நிறுத்தி ஒடம்புக்கு ரெஸ்ட் குடுக்கவா?

தேவையில்லை. உண்மையில் அது பாதகம். ரத்தம் கட்டும் வாய்ப்பு மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் அதிகம், அப்புறம் குறையும். நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் அந்த அதிக ஆபத்துக் காலமும் மறுபடி வரும். ஒரேயடியாக நிறுத்தும்போது, மாறியிருந்த புரத அளவுகள் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். கருத்தரிக்கும் திறனும் திரும்பிவிடும்.

இந்த அழுத்தம் கூடினா கேன்சர் வருமா?

மரபணு கெடுவது புற்றுநோயின் ஒரு படி என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. ஆக்சிஜனேற்றக் கணக்கை விட்டுவிட்டு, பல்லாயிரம் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளைப் பாருங்கள். மாத்திரை போடும் காலத்தில் மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களின் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் வாய்ப்பு குறைகிறது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல வருடம் நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இதைப் போடக்கூடாது. 30 வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.

டி.பி. மருந்து சாப்புடுறேன். கூடவே இதையும் போடலாமா?

இங்கே ஆக்சிஜனேற்றம் பிரச்சினையே இல்லை. டி.பி. மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின், மாத்திரையின் ஹார்மோனைக் கல்லீரல் வேகமாக உடைக்கும்படி செய்துவிடும். தவறாமல் போட்டும் கரு தங்கிவிடலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபைனும் அப்படித்தான். காப்பர்-டி பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

நான் வீட்டுக்காரிக்காக வாங்க வந்தேன். அவளுக்கு இது ஒத்துக்கல. நான் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை அபூர்வமாகத்தான் ஆண்கள் கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும், அண்ணே. ஆணுறை எங்கள் கடையிலும் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. குழந்தைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், ஆண்களுக்கான தழும்பில்லாக் குடும்பநல சிகிச்சை இருக்கிறது. கத்தி வைத்துக் கிழிக்காமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்மைக்கோ உடல் பலத்துக்கோ ஒன்றும் ஆகாது. செய்த உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்த பிறகுதான் உறையை நிறுத்த வேண்டும்.